கலைப்பட்டமும் விஞ்ஞானப் பட்டமும்

கல்லூரி வாயிலில் மகனுடன் நிற்கும் தந்தை கேட்கும் கேள்வி ஒன்றே: எதைப் படித்தால் உத்தியோகம் கிடைக்கும்? விடையும் ஆயத்தமாகவே இருக்கிறது. பொறியியல், மருத்துவம், கணிப்பொறி. வரலாறோ இலக்கியமோ பயில விரும்பும் பிள்ளைக்கு ஓர் அநுதாபப் பார்வை கிட்டும். கலைப்பட்டம் பெற்று மத்திய அரசின் மொழிபெயர்ப்பு மேசையில் அமர்ந்துள்ள நாமும் அப்பார்வையை நன்கு அறிவோம். ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு முன் நம் நாட்டில் அந்த அநுதாபத்துக்கு உரியவர் விஞ்ஞானம் படித்தவரே.

விஞ்ஞானக் கல்வியை நம்மவர் கேளாமல் இல்லை. 1823ஆம் ஆண்டிலேயே ராஜா ராம்மோகன் ராய், கவர்னர் ஜெனரல் ஆம்ஹர்ஸ்ட் பிரபுவுக்கு எழுதிய கடிதத்தில், கணிதமும் இயற்கைத் தத்துவமும் இரசாயனமும் உடற்கூற்று நூலும் கற்பிக்குமாறு வேண்டினார். கிடைத்ததோ வேறு. 1835இல் மெக்காலேயின் குறிப்பு ஆங்கில இலக்கியக் கல்விக்கு வழி வகுத்தது. 1844இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்சு, ஆங்கிலக் கல்வி பெற்றோர்க்கே அரசாங்க உத்தியோகத்தில் முதலிடம் என ஆணையிட்டார். அவ்வாணையோடு பட்டத்துக்கும் சம்பளத்துக்கும் முடிச்சு விழுந்தது எனலாம். கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக் கழகங்கள் 1857இல் தோன்றின. மறு ஆண்டே கல்கத்தாவில் முதல் பட்டம் பெற்ற இருவருள் ஒருவரான பங்கிம் சந்திர சட்டர்ஜி டெபுடி மாஜிஸ்திரேட்டானார். சென்னையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் பணி புரிந்தார். பிற்காலத்தில் புதுக்கோட்டையில் நீதிபதியாக விளங்கினார். கலித்தொகையை அச்சேற்றியவரும் இவரே.

இதன் காரணம் வியப்புக்குரியதன்று. நாட்டில் படித்தவனுக்குச் சம்பளம் தரக்கூடிய பெரிய எசமானர் அரசாங்கம் ஒன்றே. அதன் தேவை வரி வாங்குதல், வழக்குத் தீர்த்தல், கடிதம் எழுதுதல். 1847இல் ரூர்க்கியில் பொறியியல் கல்லூரி தோன்றியதும் கங்கைக் கால்வாய் வெட்ட ஆள் வேண்டியிருந்தமையால்தான். விஞ்ஞானத் துறைகளின் உயர் பதவிகளோ பெரும்பாலும் ஐரோப்பியர் வசம் இருந்தன. 1885இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பௌதிகம் கற்பிக்கச் சேர்ந்த ஜகதீச சந்திர போஸ், தமக்குக் குறைந்த ஊதியம் விதிக்கப்பட்டதை ஏற்காது, மூன்றாண்டுகள் சம்பளமே வாங்காமல் பணி செய்தார்.

சி. வி. ராமனின் கதையை இங்கே சற்று விரிவாகவே நினைவு கூர்வோம். மாணவராயிருக்கும்போதே, 1906இல், இங்கிலாந்தின் ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்றில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. மறு ஆண்டு சென்னையில் பௌதிகத்தில் எம்.ஏ. முதன்மையாகத் தேறினார். அப்பட்டத்தைக் கொண்டு அவர் எங்கே போவது? சீமை சென்று படிக்க உடல்நிலை இடந்தராது என மருத்துவர் கூறிவிட்டார். உள்நாட்டில் ஆராய்ச்சிக்கென்று சம்பளம் தரும் இடம் இல்லை. எனவே நிதித்துறைப் பரீட்சை எழுதி, பதினெட்டு வயதில் கல்கத்தாவில் உதவிக் கணக்காயர் பதவியில் அமர்ந்தார். பௌபஜார் தெருவில், மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876இல் நிறுவிய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. அலுவலகம் திறக்கும் முன்னும் மூடிய பின்னும் அங்கே சோதனைகள் நடந்தன. பத்தாண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1917இல் குறைந்த சம்பளத்தை மனமுவந்து ஏற்று அவர் பேராசிரியரானார். 1930இல் நோபெல் பரிசு வந்தது.

அவர் வகித்த பேராசிரியர் பதவிக்குப் பொருள் தந்தவர் தாரக்நாத் பாலித் என்னும் வக்கீல். அந்த விஞ்ஞானக் கல்லூரிக்கே வாரி வழங்கிய ராஷ்பிகாரி கோஷும் வக்கீலே. இவற்றையெல்லாம் முன்னின்று நடத்திய அசுதோஷ் முகர்ஜி கணிதம் பயின்றவர். வாழ்க்கைக்கு அவர் ஏறிய ஆசனமோ உயர்நீதிமன்றத்து ஆசனம்!

சுதந்திரத்தின் பின் எசமானரின் தேவை மாறியது. அணைகளும் எஃகு ஆலைகளும் எழுந்தன. 1951இல் கரக்பூரில் முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் திறக்கப்பட்டது. 1958இல் பாராளுமன்றத்தின் முன் விஞ்ஞானக் கொள்கைத் தீர்மானம் வைக்கப்பட்டது. இதற்கிடையே, 1949இல் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக் கழகக் கல்விக் குழு, நிர்வாக உத்தியோகங்களுக்குப் பட்டம் கட்டாயமாக இருத்தல் வேண்டா எனப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை ஏட்டோடு நின்றுவிட்டது. கலைப்பட்டதாரிகளின் வரிசையோ நீண்டுகொண்டே போயிற்று. பின்னர்க் கணிப்பொறித் தொழில் பெருகவே, இயந்திரம் படித்தவரும் கட்டுமானம் படித்தவரும் அதனிடமே சென்றனர்.

இன்று குடிமைப் பணிப் பரீட்சையில் தேறுவோருள் பொறியியல் படித்தவரே மிகுதி. அப்பரீட்சையின் தாள்களோ இன்றும் வரலாறு, அரசியல், கட்டுரை என்றே அமைந்துள்ளன. அவர்களுள் பலர் விருப்பப் பாடமாக எடுப்பது சமூகவியலும் அரசியல் விஞ்ஞானமும் மானிடவியலுமே. டில்லி ராஜீந்தர் நகரின் படிப்பகங்களில் நள்ளிரவு வரை விளக்கு எரிகிறது. பொறியியல் பட்டதாரிகள் அங்கே அமர்ந்து, 1793ஆம் ஆண்டின் வங்காள நிரந்தர நிலவரித் திட்டத்தை மனப்பாடம் செய்கின்றனர்.