ஜப்தி

பிறர் உடைமையை அதிகாரத்தின் பேரால் கைப்பற்றுதலைக் குறிக்கும் ‘ஜப்தி’ என்னும் சொல், பிடித்து அடக்குதல், கட்டுக்குள் வைத்தல் என்று பொருள்படும் ‘ஸப்த்’ என்ற அரபுப் பதத்தினின்று பாரசீகத்தின் வாயிலாக நம் கச்சேரி வழக்கில் வந்து புகுந்ததாகும். அக்பர் காலத்தில் நிலத்தை அளந்து தீர்வை விதிக்கும் முறைக்கும் இதுவே பெயர். அளவுகோலும் அபகாரமும் ஒரே வேரில் கிளைத்தது எனக்கு வியப்பாகத் தோன்றவில்லை.

கரிசல் பூமி இச்சொல்லின் முழு வலிமையையும் 1799இல் அறிந்தது. பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்து, அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதோடு கும்பினியாரின் சினம் தணியாமையால், அவனோடு நின்ற நாகலாபுரம், கோலார்பட்டி முதலிய பாளையங்களும், இன்று விருதுநகர் ஜில்லாவில் பட்டாசுத் தொழிலுக்குப் பேர்பெற்ற ஏழாயிரம்பண்ணையும் ஜப்தியாயின, கோட்டைகள் இடிக்கப்பட்டன, குடிகள் ஆயுதம் தரிப்பதும் விலக்கப்பட்டது. ஆயினும் சர்க்கார் தஸ்தாவேஜுகளினின்று நீக்கப்பட்ட பெயர்கள் கும்மியிலும் கதைப்பாடலிலும் ஊர் ஊராகச் சஞ்சரித்தன. பாட்டை ஜப்தி செய்ய அமீனா எவரும் நியமிக்கப்படவில்லை போலும்!

பிற்காலத்தில் கோர்ட்டுக் கடன் வழக்குகளால் இச்சொல் குடியானவன் வாசலுக்கே வந்தபோது, நவீன சட்டமும் ஆசாரத்துக்குச் சற்று இணங்கிற்று: 1908ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம், 60ஆம் பிரிவில், சமையல் பாத்திரம், உழவு மாடு, கைவினைஞனின் கருவி ஆகியவற்றோடு, சமய வழக்கப்படி ஸ்திரீகள் கழற்றலாகாத ஆபரணத்தையும் ஜப்தியினின்று விலக்கியது. தாலிக்கு இதனால் காப்பு உண்டாயிற்று.