எசேக்கியேலின் ஆலயமும் பலிகளின் சிக்கலும்

எருசலேம் வீழ்ந்த 14ஆம் ஆண்டில், அதாவது கி.மு. 573இல், பாபிலோனில் சிறைப்பட்டிருந்த ஆசாரியரான எசேக்கியேல் தரிசனத்தில் ஓர் ஆலயத்தைக் கண்டார். அவருடைய நூலின் 40 முதல் 48 வரையுள்ள ஒன்பது அதிகாரங்கள் அதை விவரிக்கின்றன. ஆறு முழ அளவுகோலோடு நிற்கும் ஒருவர் வாசல்கள், முற்றங்கள், அறைகள் எல்லாவற்றையும் அளந்துகொண்டே செல்கிறார். நீளமும் அகலமும் துல்லியமாக இருக்க, உயரம் பெரும்பாலும் சொல்லப்படவில்லை. கட்டப்போகிறவர் யார், எப்போது என்பதும் இல்லை. இத்தரிசனத்தை விளக்கியவர்களைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டவர்கள், உருவகமாக வாசித்தவர்கள் என இரண்டாகப் பிரிப்பது வழக்கம். அந்தப் பிரிவு போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். விளக்கங்களின் திசையைத் திருப்பியவை சுவர்களின் அளவுகள் அல்ல, பீடத்தில் செலுத்தப்பட வேண்டிய பலிகள்.

கி.மு. 515இல் நிறைவுற்ற இரண்டாம் ஆலயம் எசேக்கியேலின் வரைபடத்தைப் பின்பற்றவில்லை. அதற்கு அஸ்திவாரம் போட்டபோது, பழைய ஆலயத்தைக் கண்டிருந்த முதியவர்கள் அழுததாக எஸ்றாவின் நூல் கூறுகிறது. அப்படியானால் தரிசனம் நிறைவேற இன்னும் காலம் இருக்கிறது என்ற எண்ணம் எழுவது இயல்பு. கும்ரான் குகையில் கிடைத்து, யிகாயேல் யாதின் 1977இல் பதிப்பித்த ஆலயச் சுருள், ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுர முற்றங்கள் கொண்ட வேறோர் ஆலயத்தையே விதிக்கிறது. அக்காலத்தில் எசேக்கியேலின் திட்டம் இறுதிச் சொல்லாகக் கருதப்படவில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

ரபிகளின் சிக்கல் வேறு. மாதப்பிறப்பில் இரண்டு காளைகளைப் பலியிட வேண்டும் என்கிறது எண்ணாகமம் 28; எசேக்கியேல் 46 ஒரே காளை என்கிறது. தோராவை ஒரு தீர்க்கதரிசி மாற்ற முடியுமா? முரண்பாடுகள் மிகுந்ததால் இந்த நூலையே புழக்கத்திலிருந்து விலக்கிவைக்க இருந்தார்கள் என்றும், எசேக்கியாவின் மகன் அனனியா 300 குடம் எண்ணெயுடன் மேலறையில் அமர்ந்து அவற்றைத் தீர்த்துவைத்தார் என்றும் பாபிலோனியத் தல்மூது சொல்கிறது. எண்ணெய் விளக்குக்கு; இரவுகள் அத்தனை. இரண்டு காளைகள் கிடைக்காதபோது ஒன்று போதும் என்பதையே எசேக்கியேல் கற்பிக்கிறார் என்று அத்தல்மூதின் மெனாகோத் பகுதி ஒரு முடிச்சை அவிழ்க்கிறது. முதல் மாதத்தின் முதல் நாள் பலியைப் பற்றிய இன்னொரு முடிச்சையோ, எலியா வந்து விளக்குவார் என்று ரபி யோகனான் விட்டுவிடுகிறார். இந்த மரபின் மிக நேர்மையான கணம் இதுவென்பேன். உரையை வளைக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. எசேக்கியேலின் கட்டடம் எழுதப்பட்டிருந்தாலும் தெளிவாக விளக்கப்படவில்லை என்று 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் எழுதியதிலும் இதே தயக்கம் இருக்கிறது.

கிறிஸ்தவர்களுக்கு எபிரெயர் நிருபம் பலிகளின் கதவை அடைத்துவிட்டது. கிறிஸ்து ஒரே தரம் பலியானபின் காளைகளின் இரத்தத்துக்கு என்ன வேலை? ஆகவே ஜெரோமும் போப் முதலாம் கிரகோரியும் ஆலயத்தைத் திருச்சபையாகவும் ஆன்மாவாகவும் வாசித்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் புனித விக்டர் மடத்து ரிச்சர்ட், கிரகோரிக்கு மாறாக, கட்டடத்தை நேரடியாகவே புரிந்துகொள்ள முடியும் என்று வரைபடங்களோடு காட்டினார். 1596இல் வெளிவரத் தொடங்கிய பெரும் உரையில் ஸ்பானிய இயேசு சபையினரான விலல்பாண்டோ, எசேக்கியேல் கண்டது சாலொமோனின் ஆலயத்தையே என்றார். நியூட்டனும் சாலொமோனின் ஆலயத்தை மீட்டமைக்க எசேக்கியேலின் அளவுகளையே எடுத்துக்கொண்டார். அது அவர் மறைவுக்குப் பின் 1728இல் அச்சேறியது. ஆலயம் இறந்தகாலத்துக்குப் போனதும் பலிகள் யாரையும் உறுத்தவில்லை.

அதை மீண்டும் எதிர்காலத்துக்குக் கொண்டுவந்தது 19ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி தொடங்கிய யுகப்பகுப்புப் போதனை. 1909இன் ஸ்கோஃபீல்டு வேதாகமம் அதைப் பரப்பியது. கிறிஸ்துவின் ஆயிரவருட அரசாட்சியில் ஆலயம் நிற்கும், அங்கு நடக்கும் பலிகள் சிலுவையை நினைவுகூர்பவை என்றது அதன் குறிப்பு. ஆனால் 45ஆம் அதிகாரம் அவற்றைப் பாவநிவிர்த்திக்கென்றே சொல்கிறது, நினைவுகூர்தல் என்றல்ல. 1967இன் திருத்திய பதிப்பு, பலிகளைச் சொல்லுக்குச் சொல் கொள்ளத் தேவையில்லை என்ற மாற்று விளக்கத்தையும் சேர்த்தது. சுவரைக் கல்லாகவே வாசித்தவர்கள் பீடத்தருகே வந்ததும் உருவகத்தை நாடினார்கள். அதே ஆண்டு ஜூனில் எருசலேமின் ஆலய மலை இஸ்ரவேலின் கைக்கு வந்தது. இரண்டு ஆண்டுகளில், தீர்க்கதரிசனத்தைத் தானே நிறைவேற்றுவதாக நம்பிய ஆஸ்திரேலியர் ஒருவர் அங்குள்ள அல்-அக்சா மசூதிக்குத் தீவைத்தார். விளக்கம் ஏட்டோடு நிற்பதில்லை.

வரலாற்று ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். ஜெர்மானிய விவிலிய ஆய்வாளர் வெல்ஹவுசன் 1878இல் 44ஆம் அதிகாரத்தை, லேவியர் பதவியிறக்கப்பட்டதற்கான வரலாற்றுச் சான்றாக எடுத்துக்கொண்டார். தரிசனத்தைச் சிறையிருப்புக் காலத்தின் சீர்திருத்தத் திட்டமாகக் காண அது வழி திறந்தது. ஜான் லெவன்சன் 1976இல் அத்திட்டத்தின் இறையியலை விரிவாக ஆராய்ந்தார். இந்த வழியே 45ஆம் அதிகாரத்துக்கு வந்தால் பலிகள் இருக்கும் இடம் கண்ணில் படுகிறது. முதலில் அதிபதிகள் கொடுமையை நிறுத்த வேண்டும், ஜனங்களை நிலத்திலிருந்து துரத்தக்கூடாது. அடுத்து நீதியான தராசும் மரக்காலும். அதற்குப் பிறகே காணிக்கைப் பட்டியல். பண்டிகைப் பலிகளின் செலவு அதிபதியின் தலையில். 46ஆம் அதிகாரத்தில் அவன் குடிகளின் சுதந்தர நிலத்தை எடுத்துக்கொள்ளவும் தடை. முன்பு அரசர்கள் குடிகளிடம் பறித்த தேசத்தில், பலி என்பது ஆளுகிறவன் செலுத்த வேண்டிய கடனாக இங்கே எழுதப்பட்டிருக்கிறது.