யாழ்ப்பாணக் குடாநாட்டில் சிறுநீரக நோயும் மாற்றுச் சிகிச்சையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சிறுநீரகச் சிகிச்சை வரலாற்றில் மருந்துக்கும் இயந்திரத்துக்கும் உள்ள இடம் பாதைக்கும் உண்டு. சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்தவருக்குக் கிழமைக்கு இரண்டு மூன்று தடவை இரத்தச் சுத்திகரிப்பு (டயலிசிஸ்) வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கு ஆயுள் முழுவதும் நாள் தவறாமல் குளிசையும், குறித்த தவணையில் குருதிப் பரிசோதனையும் வேண்டும். இரண்டுமே இடைவெளியைப் பொறுக்காத சிகிச்சைகள். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தள்ளி, 1990க்கும் 2009க்கும் இடையில் திரும்பத் திரும்பத் தரைவழி துண்டிக்கப்பட்டுக் கிடந்த நிலத்தில் அவை எப்படி வேரூன்றின என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நீர்க்கட்டு, கல்லடைப்பு, சலரோகம், வீக்கம் என்று பரியாரிமார் பிரித்தறிந்த நோய்களுக்குள் இன்றைய சிறுநீரக நோய்களின் குணங்குறிகள் பல அடங்கியிருந்தன. யாழ்ப்பாண அரசர் காலத்ததாகக் கருதப்படும் ‘பரராசசேகரம்’ என்ற வைத்திய நூலை ஏழாலை ஐ. பொன்னையா இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பதிப்பித்தார். மேலைநாட்டு மருத்துவம் இங்கு ஆழமாகக் காலூன்றியது சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிசன் வைத்தியரால். 1847இல் வந்து மானிப்பாயில் பணியாற்றிய அவர் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெரிய உடற்கூற்று நூல் 1872இல் அவர் முயற்சியால் வெளிவந்தது. இடையில் 1850இல், அரசாங்க அதிபர் பேர்சிவல் அக்லண்ட் டைக் முன்னின்று தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய யாழ் போதனா வைத்தியசாலை. ஊரார் வாயில் பெரியாஸ்பத்திரி. கிறீனின் மாணவருக்குச் சிறுநீரகத்தின் அமைப்புத் தெரியும். ஆனால் அது செயலிழந்தால் மானிப்பாயிலும் சாவுதான், அன்றைய லண்டனிலும் சாவுதான்.

அந்த நிலை மாற 1943 ஆயிற்று. நெதர்லாந்தில் வில்லெம் கொல்ஃப் முதல் டயலிசிஸ் இயந்திரத்தை நோயாளியில் பயன்படுத்தினார். 1960இல் சியாற்றிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் கையில் நிரந்தரக் குழாய் பொருத்தும் முறையைக் கண்ட பின்பே ஒரே ஆளுக்கு அதை வருடக்கணக்காகத் தொடர முடிந்தது. 1954 டிசம்பர் 23ஆம் திகதி பொஸ்ரனில் ஜோசப் மறே ஒத்த இரட்டையர் இருவரிடையே சிறுநீரகத்தை மாற்றினார். பெற்றவர் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். இரட்டையரல்லாதோருக்கு இது கைகூட, அந்நிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் மருந்துகள் வேண்டியிருந்தன. 1960களில் அசதயோபிறின், 1980களில் சைக்ளோஸ்போரின், 1990களில் ரக்ரோலிமஸ் என அவை வந்தன. தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1971இல் இந்தச் சத்திரசிகிச்சையை வெற்றிகரமாகச் செய்தது. இலங்கையில் முதல் மாற்று 1985இல் கொழும்பில் நடந்தது. சிறுநீரக வைத்திய நிபுணர் றிஸ்வி ஷெரிப்பும் சத்திரசிகிச்சை நிபுணர் ஏ. எச். ஷெரிப்டீனும் அதன் முன்னோடிகள். உறுப்புத் தானத்துக்கான மனித இழைய மாற்றுச் சட்டம் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கமாக நிறைவேறியது.

யாழ்ப்பாணத்துக்கு அதே 1987 வேறு காரணத்துக்காக நினைவில் நிற்கும் ஆண்டு. ஒக்ரோபர் 21, 22ஆம் திகதிகளில் இந்திய இராணுவத்தினர் பெரியாஸ்பத்திரிக்குள் நுழைந்து சுட்டதில் வைத்தியர்கள், தாதியர், ஊழியர், நோயாளர் என 60 பேருக்கு மேல் மாண்டனர். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டதும் ஏ-9 வீதி மூடப்பட்டது, தேசிய மின்வழங்கல் நின்றது, எரிபொருள் முதற்கொண்டு பல பொருள்களுக்குத் தடை வந்தது. வெளியே போக வேண்டியவர்கள் கிளாலிக் கடனீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்தார்கள். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே இடம்பெயர்ந்தது. 2002 ஏப்ரலில் வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் முகமாலையில் மறுபடி மூடியது. அதன் பின் பாதுகாப்பு அனுமதி பெற்று விமானத்திலோ திருகோணமலைக் கப்பலிலோ போவதுதான் வழி.

இதன் பாரம் புரிய வேண்டுமானால் டயலிசிஸ் எதைக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றர் கரைசல் வீதம் நான்கு மணித்தியாலம் ஓடினால், ஒரு தடவைக்கு ஒருவருக்கு மட்டும் 120 லீற்றர் சுத்திகரித்த நீர். இடையில் மின்சாரம் அறக்கூடாது. நீரும் எந்த நீராகவும் இருக்கமுடியாது. குடாநாட்டின் கிணறுகள் சுண்ணக்கல் படுகையில் ஊறுபவை. கேத்தில் அடியில் வெள்ளைப் படையாகப் படியும் அதே கல்சியம் டயலிசிஸ் கரைசலில் மிஞ்சினால் நோயாளிக்குச் சத்தியும் தலையிடியும் இரத்த அழுத்த உயர்வும் வரும். 1967இல் அமெரிக்க வைத்தியர்கள் இதை வன்னீர் நோய்த்தொகுதி என்று விவரித்தார்கள். ஆகவே இயந்திரத்துக்கு முன் நீர் சுத்திகரிப்புப் பொறி வேண்டும், அதற்கும் மின்சாரம் வேண்டும். மண்ணெண்ணெய் விளக்கில் இரவைக் கழித்த ஊரில், இந்தச் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் பெரும்பாலும் கொழும்பில் உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்க வேண்டியவர்களானார்கள். பணமுள்ளவர்கள் சென்னைக்கோ வேலூருக்கோ போனார்கள். மற்றவர்கள் எந்தப் பதிவேட்டிலும் சிறுநீரக நோயாளராக ஏறவில்லை.

மாற்றுச் சிகிச்சையின் பயனை அளந்த ஆய்வுகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது றொபேட் வூல்ஃப் குழுவினர் 1999இல் வெளியிட்டது. அமெரிக்காவில் காத்திருப்புப் பட்டியலில் இருந்த 46,164 பேரில், இறந்தவரிடமிருந்து சிறுநீரகம் பெற்ற 23,275 பேரைத் தொடர்ந்து காத்திருந்தோருடன் ஒப்பிட்டார்கள். சத்திரசிகிச்சைக்குப் பின் முதல் இரு கிழமைகளில் இறப்பு அபாயம் காத்திருந்தோரைவிட 2.8 மடங்கு; 18 மாதமளவில் 68 சதவீதம் குறைவு. முதலில் ஆபத்தை ஏற்று, பிறகு ஆயுளை நீட்டும் சிகிச்சை இது. இந்தக் கணக்கை யாழ்ப்பாணத்துக்கு அப்படியே பெயர்த்துவிட முடியாது. அந்த 68 சதவீதத்துக்குள் கிளினிக்குக்குப் போய்வரும் வழியும் தீராத மருந்துக் கையிருப்பும் அடங்கியிருக்கின்றன.

போருக்குப் பின் நிலைமை வெகுவாக மாறியது. யப்பானிய உதவியில் எழுந்த கட்டிடத் தொகுதி 2012இல் யாழ் போதனா வைத்தியசாலைக்குப் புதிய சத்திரசிகிச்சைக் கூடங்களையும் ஆய்வுகூடங்களையும் தந்தது. சிறுநீரகப் பிரிவும் டயலிசிஸும் இன்று அங்கேயே உண்டு. மாற்றுச் சிகிச்சைக்காகக் கொழும்பு மாளிகாவத்தையிலுள்ள தேசிய நிறுவனத்தையோ கண்டியையோ நாடுவோர் முதல் மாதங்களில் அடிக்கடி போய்வர வேண்டும். ரக்ரோலிமஸ் அளவைப் பார்க்கக் குருதி எடுப்பது காலைக் குளிசைக்கு முன். அதனால் இரவு பஸ்ஸில் வந்திறங்குபவர் குளிசையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஊசி குத்தி முடிந்த பிறகே வாயில் போடுவார். அளவு குறைந்தால் உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கும். கூடினால் மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2022இல் எரிபொருளுக்கும் மருந்துக்கும் தட்டுப்பாடு வந்தபோது, துவக்குச் சத்தமே இல்லாமல் பழைய சிக்கல் திரும்பி வந்தது.

நோய்க்கான காரணங்களில் சலரோகமும் பிரசரும் முன்னிற்கின்றன. நாட்டின் சலரோக அளவைக் கணிக்க 2005, 2006இல் நடந்த பெரிய ஆய்வு வளர்ந்தோரில் 10.3 சதவீதம் என்றது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அதில் சேரவில்லை. தேசியச் சராசரி என்று இன்றும் எடுத்தாளப்படும் எண்ணில் யாழ்ப்பாணத்தார் ஒருவரும் இல்லை. மருந்தில் முன்னேற்றம் உண்டு: 4,304 பேரில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், டபாகிளிஃப்ளோசின் சிறுநீரகச் சீரழிவு, சிறுநீரக அல்லது இதய, இரத்தக்குழாய் நோயால் வரும் மரணம் ஆகியவற்றின் கூட்டு அபாயத்தை 39 சதவீதம் குறைத்தது.

அநுராதபுரம், பொலநறுவை விவசாயிகளிடையே 1990களிலிருந்து பெருகிய, காரணம் உறுதிப்படாத சிறுநீரக நோய் வவுனியாவரை எட்டியது; குடாநாடு அதன் மையமாகவில்லை. இது ஆய்வாளர்களுக்குச் சங்கடமான உண்மை. நீரின் வன்மையும் களைநாசினியும் சேர்ந்து நோயைத் தருகின்றன என்ற கருதுகோள் 2014இல் பெரிதாகப் பேசப்பட்டது. வன்னீரும் செறிந்த தோட்டச் செய்கையும் யாழ்ப்பாணத்தில் இருந்தும் நோய் அந்த அளவில் இல்லையென்றால், அக்கருதுகோள் தனித்து நிற்பது கடினம். இங்கே திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பைத் தருபவை வேறு: புடையன் பாம்புக்கடி, மாரி வெள்ளத்தோடு வரும் எலிக்காய்ச்சல். 2024 டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் எலிக்காய்ச்சல் உயிர்களைக் காவுகொண்டது. இவ்வகைச் செயலிழப்பு நேரத்தோடு டயலிசிஸ் செய்தால் பெரும்பாலும் மீளக்கூடியது.

இலங்கையின் மாற்றுச் சிகிச்சை பெரும்பாலும் உயிரோடிருப்போரின் தானத்தில் தங்கியிருக்கிறது. தாயோ மனைவியோ சகோதரரோ தருவது வழக்கம். 1961இல் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தான இயக்கம் உலகுக்கே கருவிழி அனுப்பிய நாட்டில், மூளைச்சாவடைந்தோரின் சிறுநீரகத் தானம் அந்த வேகத்தில் வளரவில்லை. 2016இல் இந்தியச் சிறுநீரக வணிகத்தின் கிளை கொழும்புவரை நீண்டது தெரியவந்ததும், வெளிநாட்டவருக்கான மாற்றுச் சத்திரசிகிச்சையை அரசு நிறுத்தியது. எடுத்த சிறுநீரகம் குளிரூட்டிய நிலையில் 24 மணித்தியாலம்வரை தாங்கும்; யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வீதியால் ஏழெட்டு மணித்தியாலம். தூரம் இனித் தடையல்ல. மூளைச்சாவை உறுதிசெய்யும் வைத்தியர் குழுவும், அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் குடும்பத்தாரோடு தமிழில் பொறுமையாகப் பேசக்கூடிய ஒருங்கிணைப்பாளரும் எந்நேரமும் இருக்க வேண்டும் என்பதே எஞ்சியிருக்கும் வேலை.