செங்குதச் சின்னான்

செங்குதச் சின்னான் இந்தியத் துணைக்கண்டத்தின் ஊர்களிலும் தோட்டங்களிலும் பரவலாகக் காணப்படும் பாடும் பறவை. கொண்டைக்குருவி என்றும் சொல்வார்கள். சுமார் 20 செ.மீ. நீளம் இருக்கும். கருந்தலையில் சிறு கொண்டை, செதில் செதிலான பழுப்பு உடல், வால் நுனியில் வெண்மை, வாலடியில் சிவப்புத் திட்டு. ஆணும் பெண்ணும் தோற்றத்தில் ஒன்றே. 1766-இல் லின்னேயஸ் இதைத் தென்னாப்பிரிக்கப் பறவை என்று தவறாகக் கருதி ‘காஃபெர்’ என்று பெயரிட்டார். அந்தப் பெயரே அறிவியலில் நிலைத்துவிட்டது.

அடர்காடு இதற்கு ஒத்துவராது. புதர்க்காடும் மரங்கள் விட்டுவிட்டு நிற்கும் வெளியுமே இயல்பான வாழிடம். மருதாணி வேலியும் முருங்கையும் கறிவேப்பிலையும் உள்ள கொல்லை ஏறக்குறைய அதே அமைப்புதான். ஆகவே ஊருக்குள் வர இப்பறவை தன்னைப் பெரிதாக மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

உணவிலும் பிடிவாதம் இல்லை. ஆல், அரசு, உண்ணிச்செடி ஆகியவற்றின் பழங்கள், பூந்தேன், பூவிதழ், பூச்சி எல்லாம் தின்னும். சில சமயம் வீட்டுப் பல்லியையும் பிடிக்கும். உடலில் வைட்டமின் சி-யைத் தானே உண்டாக்க முடியாத உயிர்களில், மனிதனை அடுத்து முதலில் அறியப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று. விழுங்கிய பழத்தின் விதைகளை எச்சத்தோடு வேறிடத்தில் போடுவதால், யாரும் நடாத கறிவேப்பிலைக் கன்று மதிலோரம் முளைப்பதுண்டு.

இதே தாராளம் அயல்நாடுகளில் கேடானது. ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர்களோடு 1903 வாக்கில் ஃபிஜிக்குப் போன இப்பறவை, பின்னர் ஹவாய் உள்ளிட்ட பல தீவுகளிலும் பரவியது. பழத்தோட்டங்களைச் சேதப்படுத்தி, களைகளின் விதைகளையும் பரப்புவதால், உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவிகளின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. பழி பறவையுடையது அல்ல. கூண்டோடு கொண்டுபோனவர்கள் மனிதர்கள்.

சுள்ளிகளாலான கிண்ணக் கூட்டைப் பெரும்பாலும் ஆள் உயரப் புதரிலேயே கட்டும். பூந்தொட்டி, சன்னல் கொடி, சில வேளை வீட்டின் உட்புறம்கூட இதற்குப் போதும். மெல்லிய கம்பித் துண்டுகளையும் சேர்த்துப் பின்னும். இளஞ்சிவப்பில் செம்புள்ளியிட்ட இரண்டு மூன்று முட்டைகள் இடும். காகமும் செம்போத்தும் முட்டைகளைத் திருடும்; சுடலைக்குயில் தன் முட்டையை இதன் கூட்டில் வைத்துவிடும். அடைகாப்பு சுமார் 14 நாள். குஞ்சுகளுக்கு முதலில் புழு பூச்சிகளையும், வளர்ந்தபின் பழங்களையும் ஊட்டும்.

முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறப்பது வரை ஏறத்தாழ ஒரு மாதம்தான். செடியில் கூடு தென்பட்டால், அதுவரை கிளையை வெட்டாமல், எட்டிப் பார்க்காமல் விட்டுவிடுங்கள்.