சுட்டப்பட்டவர்கள்: ஒரு பதிவேட்டின் வரலாறு

பிள்ளையை அடிப்பது பெற்றவர்களின் சொந்த விஷயம் என்ற நினைப்பை அமெரிக்காவில் அசைத்ததில் மருத்துவத்துக்குப் பெரிய பங்குண்டு. 1962ல் டென்வர் நகரத்து மருத்துவர் ஹென்றி கெம்ப்பும் சகாக்களும் 'அடிபட்ட குழந்தை' பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். பெற்றோர் சொன்ன கதையை எக்ஸ்ரே பொய்யாக்கியது. அடுத்த ஐந்தே ஆண்டுகளில், சந்தேகம் வந்தாலே புகார் செய்வதற்கான சட்டம் எல்லா மாநிலங்களிலும் வந்துவிட்டது. குடும்பம் என்ற புனிதத்துக்குப் பின்னால் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே இந்தத் தலையீட்டை நான் மறுக்கவில்லை. விசாரணை முடிந்தபின் அந்தத் தாய் தகப்பன் என்ன ஆகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

நியூயார்க் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். 1973ல் அங்கே மத்தியப் பதிவேடு சட்டமாகியது. புகார் வந்தால் அதிகாரி 60 நாளுக்குள் இரண்டில் ஒரு சொல்லை எழுத வேண்டும். 'அன்ஃபவுண்டட்', ஆதாரமில்லை. 'இன்டிகேட்டட்', சுட்டப்பட்டது. கவனியுங்கள், 'நிரூபிக்கப்பட்டது' என்ற சொல்லே இங்கு கிடையாது. 'ஓரளவு நம்பத்தகுந்த சான்று' கிடைத்தால் போதும் என்றிருந்தது; எதிர்ச்சான்று அதைவிடக் கனமாக இருந்தாலும் பெயர் ஏறிவிட்டது. நீதிபதி இல்லை, தீர்ப்பு இல்லை. பிள்ளை வீட்டிலேயே இருக்கலாம். "கேஸ் முடிஞ்சுது" என்று அதிகாரி போய்விடுவார். பெயர் மட்டும், புகாரிலுள்ள கடைசிப் பிள்ளைக்கு 28 வயதாகும்வரை ஏட்டில் கிடக்கும்.

கிடந்தால் என்ன? குழந்தைப் பராமரிப்பு வேலைக்கு ஆள் எடுப்பவர் ஏட்டைப் பார்த்தாக வேண்டும். சுட்டப்பட்டவரை எடுத்தால் ஏன் எடுத்தோம் என்று காரணம் எழுதி வைக்க வேண்டும். எந்த முதலாளி இந்த வம்புக்குப் போவான்? திருடிய 11 வயது மகளை அறைந்த ஒரு தாய் இப்படி மாட்டிக்கொண்டு வழக்குப் போட்டார். 1994ல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்த முறை அரசியலமைப்புக்கு முரணானது என்றது. அப்போது ஏட்டில் சுமார் 20 லட்சம் பேர். பெயரை நீக்கக் கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் இறுதியில் வென்றிருந்தார்கள். அத்தனை தவறாகச் சுட்டுகிற விரலை நீதிமன்றம் நம்ப மறுத்தது.

ஆனால் வரலாறு ஒரே திசையில் போவதில்லை. 1995ல் அதே நியூயார்க்கில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி தாயின் கையால் செத்தாள். புகார்கள் முன்பே போயிருந்தன. மறு ஆண்டே சட்டம் மாறியது. அதுவரை அழிக்கப்பட்டுவந்த 'ஆதாரமில்லை' கோப்புகளும் முத்திரையிடப்பட்டு 10 ஆண்டு காக்கப்படலாயின. அதாவது, ஒன்றுமில்லை என்று முடிந்த விசாரணைக்கும் நினைவு உண்டு. அடுத்த புகார் வரும்போது பழைய கோப்பு விழித்துக்கொள்ளும். செத்த குழந்தையின் பெயரால் இதைச் செய்தார்கள் என்பதால் எதிர்த்துப் பேசுவது எளிதாக இல்லை.

யார் வீட்டுக் கதவு தட்டப்படுகிறது? 2017ல் வந்த ஒரு கணக்கின்படி அமெரிக்கக் குழந்தைகளில் 37 சதவீதத்தினர் 18 வயதுக்குள் இவ்வகை விசாரணைக்குள் வருகிறார்கள். கறுப்பினக் குழந்தைகளில் 53 சதவீதம். நாடு முழுக்க உறுதிசெய்யப்படுபவற்றில் பெரும்பகுதி அடி உதை அல்ல, 'புறக்கணிப்பு'. வீட்டில் சாப்பாடில்லை, குளிருக்குச் சூடில்லை, வேலைக்குப் போகையில் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. வறுமை இங்கே தாயின் குணமாக எழுதப்படுகிறது. கறுப்பினக் குடும்பங்களை இந்த அமைப்பு எப்படிச் சிதைக்கிறது என்று டோரதி ராபர்ட்ஸ் 2001லேயே ஒரு முழுப் புத்தகம் எழுதினார்.

2020ல் நியூயார்க் சட்டத்தைத் திருத்தியது. 2022 முதல், இருபக்கச் சான்றையும் எடைபோட்டு எது கனம் என்று பார்த்தே சுட்ட முடியும். புறக்கணிப்பு மட்டுமே என்றால் 8 ஆண்டுக்குப்பின் வேலை தருவோருக்கு அது போகாது. எடைபோட்ட பிறகே பெயரை எழுத வேண்டும் என்ற சாதாரண நியாயத்தை ஒப்புக்கொள்ள 47 ஆண்டுகள். அதற்குள் அந்த ஏட்டினால் வேலை போனவர்களுக்கு யாரும் கணக்கு எழுதவில்லை.