திருப்புகழ் காட்டும் நியமநெறி

உயிர் தனித்து நிற்கும் இயல்பினதன்று. எதனைச் சார்கின்றதோ அதன் வண்ணமாய் நிற்பது என்பது சைவசித்தாந்தத் துணிபு. படிகம் தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுவது போல்வது அது. இவ்வுண்மையை நூலளவில் ஓதி அமைகின்றோமேயன்றி, நாள்தோறும் நாம் மேற்கொண்டு நாள்தோறும் கைவிடும் நியமங்களுக்கும் இதுவே விளக்கமாதலைச் சிந்திப்பார் அரியர். ‘நாளை முதல் விடியலில் எழுவேன், இத்துணைப் பாடல் ஓதுவேன்’ என்று உறுதி செய்வார் பலர். அவருள் ஒரு திங்கள் நிற்பார் சிலர். ஓராண்டு நிற்பார் மிகச் சிலர். இதற்குக் காரணம் யாது? தம் மனவலி ஒன்றனையே அவர் சார்ந்து நிற்றலாம் என்க. மனமோ மாயையின் காரியம், கணந்தோறும் மாறுவது. மாறுவதனைச் சார்ந்த உறுதி மாறாது நிற்றல் யாங்ஙனம்? அருணகிரிநாதர் அருளிய திருப்புகழ் நம் கைக்கு வந்த வரலாறு இவ்வினாவிற்கு நல்லதொரு விடையாதலின், அதனை ஈண்டு ஆராய்வாம்.

அருணகிரிநாதர் கி. பி. 15-ஆம் நூற்றாண்டினர். தம் பாடலில் பிரபுடதேவராயரைப் பெயர் சுட்டிக் கூறுதலின், 1422 முதல் 1446 வரை விசயநகரத்தில் அரசு செலுத்திய இரண்டாம் தேவராயர் காலத்தவர் என ஆராய்ச்சியாளர் கொள்வர். இளமையில் தீநெறிப்பட்டு, பின் நாணி, திருவண்ணாமலைக் கோபுரத்தினின்றும் வீழ்ந்தாரை முருகப்பெருமான் தாங்கி ஆட்கொண்டான் என்பது செவிவழிச் செய்தி. பாடல்களில் அவர் தம்மை இழித்துரைக்கும் சொற்களை அடியாகக் கொண்டே இச்செய்தி எழுந்ததாகலாம். அஃது எவ்வாறாயினும், கம்பத்திளையனார் சந்நிதியில் நின்று இவ்வூரார் இன்றும் இதனைச் சொல்லிக் கண்கலங்குகின்றனர். வீழ்ந்தவர் தம் வலியால் எழுந்திலர். தாங்கிய கையைச் சார்ந்தே எழுந்தனர் என்பதே அதன் உட்பொருள். எழுந்த பின் அவர் வாளா இருந்தாருமல்லர். இருநூற்றுக்கு மேற்பட்ட தலங்கள் அவர்தம் பாட்டிற் பயில்கின்றன. அருள் ஒரு கணத்தில் வந்தது. அதனைப் போற்றும் பணியோ வாழ்நாள் முழுவதும் நடந்தது.

அவர் அருளியன 16,000 பாடல்கள் என்பது வழக்கு. இதுகாறும் கிடைத்தன ஏறத்தாழ 1,300. ஏனைய எங்கே? செல்லுக்கும் நீருக்கும் நெருப்புக்கும் இரையாயின போக, ‘நாளை படியெடுப்போம்’ என்று நம் முன்னோர் காலங்கடத்தியமையால் அழிந்தனவும் உளவாதல் வேண்டும். சோம்பலின் விலை இத்துணைத்து!

எஞ்சியவற்றைக் காத்தவர் வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளையவர்கள் (1846–1909). 1871-ஆம் ஆண்டில் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் அவர் அலுவல் பார்த்திருந்தபோது, தில்லைத் தீட்சிதர்கள் ஒரு வழக்கில் தம் பெருமைக்குச் சான்றாகத் திருப்புகழ்ப் பாடலொன்றை எடுத்துக் காட்டினர். தில்லை மூவாயிரவரைப் புகழும் அப்பாடலின் சொல்லும் சந்தமும் பிள்ளையவர்களின் உள்ளத்தைப் பிணித்தன. இத்தகைய பாடல்கள் அனைத்தையும் தேடி அச்சிடுவேன் என அன்று அவர் உறுதி கொண்டார். முதற்பகுதி வெளிவந்தது 1894-இல். இரண்டாம் பகுதி 1901-இல். அன்பர்கள் இவ்வாண்டுகளை ஊன்றி நோக்குவாராக. எண்ணத்திற்கும் முதல் நூலுக்கும் இடையே கழிந்தன 23 ஆண்டுகள்! முழுநேரம் ஏடு தேடும் வாய்ப்பும் அவர்க்கு இல்லை. முன்சீபு பதவிவரை உயர்ந்த அலுவலர் அவர். பகற்பொழுது அரசினர்க்கு உரியது. எஞ்சிய பொழுதே திருப்புகழுக்கு உரியது. அவ்வெஞ்சிய பொழுதை அவர் வீணே கழிய விட்டிலர். ‘யான் பெரும்பணி செய்கின்றேன்’ என்னும் எண்ணத்தைச் சார்ந்திருப்பின் ஐந்தாண்டில் சலித்திருப்பார். பாடலைச் சார்ந்தார் ஆதலின் அதன் இனிமையே அவரை நடத்திற்று.

ஏட்டில் இருந்தது அச்சில் வந்தமையான் மட்டும் பணி முற்றுமோ? நாவில் ஏறுதல் வேண்டுமன்றோ? அதனைச் செய்தாருள் தலைநின்றவர் வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகள் (1870–1950). இவரது முன்னைப் பெயர் அர்த்தநாரி. மைசூர் அரண்மனை மடைப்பள்ளியில் தொண்டு செய்தவர். வயிற்றுநோயால் வருந்திப் பழனியை அடைந்தவர் ஆங்குத் திருப்புகழைக் கேட்டு உருகினார். ஆனால் தமிழ் எழுத்தறியார்! நாற்பதாம் வயதை அணுகிய காலத்தில், சிறுவரைப் போல எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்று, ஒவ்வொரு பாடலாக நெஞ்சிற் பதித்தார். பின்னர்த் திருவண்ணாமலைக்கு வந்து இரமண மகரிஷிகளை அடுத்திருந்தார். ஆங்குச் சேஷாத்திரி சுவாமிகள், ‘திருப்புகழே உனக்கு மந்திரம், வள்ளிமலைக்குச் செல்க’ என்னும் கருத்துப்படப் பணித்தனர் என அவர் வரலாறு கூறும். அப்பணியை அவர் இறுதிவரை மாற்றிலர்.

ஆங்கில ஆட்சிக் காலத்தில், புத்தாண்டு நாளன்று வெள்ளைத் துரைமாரைக் கண்டு வணங்கும் வழக்கம் நாட்டில் மிகுந்திருந்தது. மக்கள் துரைக்குத் துரையாகிய தணிகைவேலனை வணங்குதல் வேண்டுமென எண்ணிய சுவாமிகள், 1917-ஆம் ஆண்டு டிசம்பர் 31-இல் திருத்தணிகைத் திருப்படித் திருவிழாவைத் தொடங்கினார். படிக்கொரு திருப்புகழாகப் பாடி ஏறுதல் அதன் முறை. அம்மலைப் படிகள் 365 என்றும், அவை ஆண்டின் நாட்களைக் குறிப்பன என்றும் கூறுவர். நியமத்திற்கு இதனினும் சிறந்த உவமை யாது? மலையை ஒருங்கே தாண்டுவார் ஒருவருமிலர். ஒரு படி, ஒரு பாடல். அடுத்து மற்றொரு படி. உடன் ஏறுவார் குரல் தளர்ந்தார் குரலைத் தாங்கும்.

சுப்பிரமணிய பிள்ளையவர்களின் மைந்தர் தணிகைமணி செங்கல்வராய பிள்ளையவர்கள் (1883–1971) தந்தையார் பணியைத் தமதாக ஏற்றுத் திருப்புகழ் முழுமைக்கும் உரை கண்டமை யாவரும் அறிந்தது. தொடங்கினார் ஒருவர், முடித்தார் மற்றொருவர் என்பதில் இழுக்கில்லை. பணி இடையறவில்லை என்பதே சிறப்பு.

எளியேன் ஆசிரியத் தொழிலினின்றும் ஓய்வுபெற்ற ஆண்டில், நாளொன்றுக்கு இருபது திருப்புகழ் ஓதுவதென்று மும்முறை உறுதி கொண்டு மும்முறையும் தவறினேன். ‘பண்டிதன் யான், இஃது எனக்கு அரிதோ?’ என்னும் செருக்கைச் சார்ந்து நின்ற உறுதி அது. பின்னர் ஒன்றாகக் குறைத்து, கோயில் மண்டபத்தில் முதிய அன்பர் ஒருவரோடு இருந்து ஓதலானேன். அவர் காத்திருப்பாரே என்னும் நினைவு, உடல் நோகும் நாளிலும் என்னை வீட்டினின்றும் எழுப்பிற்று. ஐந்தாண்டாக அது நிற்கின்றது. நிறுத்துவது என் வலியன்று, சார்பே என்று அறிந்தேன்.

ஆதலின் நியமம் மேற்கொள்வார் கருதற்பாலன மூன்று: மேற்கொள்வது சிறிதாதல், இடையறாதாதல், தன்னினும் உயர்ந்ததனைச் சார்தல். ஒருநாள் தவறின் மறுநாள் நாணாது மீண்டும் தொடங்குக. வீழ்ந்தாரையும் தாங்கும் கை ஒன்று அண்ணாமலையில் உண்டன்றோ!

திருச்சிற்றம்பலம்.