அனலாக் தொகுசுற்று வடிவமைப்புக் கல்வி

ஒலி, வெப்பநிலை, வானொலி அலை போன்று தொடர்ச்சியாக மாறும் சைகைகளைக் கையாளும் மின்சுற்றுகளை ஒரே சிலிக்கான் சில்லில் அமைக்கும் துறை அனலாக் தொகுசுற்று வடிவமைப்பு ஆகும். இது நூலில் தொடங்கினாலும், சில்லைச் செய்து சோதித்த பின்பே முழுமை பெறும் கல்வியாகும்.

தோற்றம்

1958 இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தில் ஜாக் கில்பி முதல் தொகுசுற்றைச் செய்து காட்டினார். தனி உறுப்புகளால் சுற்று அமைத்தவர்கள் டிரான்சிஸ்டரைச் சிக்கனமாகவும், மின்தடைகளையும் மின்தேக்கிகளையும் தாராளமாகவும் பயன்படுத்தினர். சில்லில் இக்கணக்கு தலைகீழானது. பெரிய மின்தடையும் மின்தேக்கியும் அதிக இடத்தை அடைத்தன, டிரான்சிஸ்டர் மலிவானது. மின்தடையின் மதிப்பு துல்லியமாக அமையாவிட்டாலும், அருகருகே உள்ள இரு டிரான்சிஸ்டர்கள் ஏறத்தாழ ஒன்றுபோல் இயங்கும். ஃபேர்சைல்டு நிறுவனத்தின் பாப் விட்லர் இதைப் பயன்படுத்தி 1965 இல் 709 என்னும் செயல்பாட்டுப் பெருக்கியை உருவாக்கினார். 1968 இல் டேவ் ஃபுல்லகர் வடிவமைத்த 741, நிலைப்புக்குத் தேவையான மின்தேக்கியைச் சில்லுக்குள்ளேயே கொண்டிருந்தது. மாணவர்கள் தொடக்கத்தில் கற்கும் மின்னோட்ட ஆடி இந்த ஒற்றுமையை நம்பியே இயங்குகிறது.

பாடநூலும் மென்பொருளும்

சில்லைச் செய்த பிறகு அதில் பிழை திருத்துவது அரிது. எனவே முன்கூட்டியே கணித்துப் பார்க்க, பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்பைஸ் மென்பொருள் 1973 இல் வெளியானது. அங்கு கற்பித்த பால் கிரே, ராபர்ட் மேயர் ஆகியோரின் பாடநூல் 1977 இல் வந்தது.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

1985 இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் பெங்களூரில் வடிவமைப்பு மையம் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் கே. இராதாகிருஷ்ண ராவ் அனலாக் மின்னணுவியலைக் கற்பித்தார். ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003 இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டம், அவரது விரிவுரைகளைக் காணொளிகளாக அனைவருக்கும் இலவசமாக வழங்கியது. அதே நிறுவனத்தின் நாகேந்திர கிருஷ்ணபுரா, தம் பாடத்தை எதிர்ப்பின்னூட்டத்திலிருந்து தொடங்கி, பெருக்கி ஏன் தேவை என்பதை விளக்கிய பின்னரே அதன் உள்ளமைப்புக்குச் செல்கிறார்.

இதனால் நெய்வேலியை அடுத்த வடக்குத்து போன்ற ஊரிலிருந்தும் ஒரு மாணவர் இப்பாடங்களைக் கற்க முடிகிறது. ஆயினும் சில்லு உற்பத்திக்கான தொழில்நுட்ப விவரங்கள் நெடுங்காலம் நிறுவனங்களின் ஒப்பந்தங்களுக்குள் அடங்கியிருந்தன. 2020 இல் கூகுளும் ஸ்கைவாட்டரும் 130 நானோமீட்டர் தொழில்நுட்பத்தின் வடிவமைப்புத் தரவுகளைப் பொதுவில் வெளியிட்டன. விரிவுரை மட்டும் எட்டிய இடங்களுக்கு, உண்மையான சில்லை வரைந்து பழகும் வாய்ப்பும் அதன்பின் எட்டியது.